நிறுவனப் பண்பாடு: மொரிஷியஸில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எபேன், போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில் பக்கத்துச் சின்ன, நடுத்தரக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது, ஆபீஸ் விதிமுறை எழுதிக் கொடுப்பது, சண்டை வந்தால் நடுவில் உட்காருவது, இதுதான் என் தொழில். என்னிடம் வருபவர்கள் இரண்டு வகை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்து முதலாளிகள் ஒரு பக்கம். சென்னை, கோவை, திருச்சியிலிருந்து ஐ.டி. வேலைக்கோ கணக்கு வேலைக்கோ வந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில், போனில் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன் (இந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் கேட்டவற்றை மட்டும் தமிழாக்கிவிட்டேன்). சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான தகவல். வழக்கு வரை போகிற சிக்கலென்றால் வக்கீலைப் பாருங்கள்.

"கம்பெனி கல்ச்சர், கம்பெனி கல்ச்சர்னு சொல்றாங்களே, அது என்னதான்? சுவத்துல மாட்டுற போஸ்டரா?"

போஸ்டர் அதில் ஒரு ஓரம். எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980களில் இதை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிவது முதல் அடுக்கு: மேசை போட்டிருக்கும் விதம், உடை, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இரண்டாவது. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் நம்பி நடந்துகொள்வது மூன்றாவது. ஆட்டிப்படைப்பது அந்த மூன்றாவதுதான்.

இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதற்கு என்ரான் சாட்சி. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், சிறப்பு என்று நாலு கொள்கைகளை அச்சடித்து வைத்திருந்த கம்பெனி அது. கணக்கு மோசடி வெளியே வந்து 2001 டிசம்பரில் திவாலானது. உங்கள் கம்பெனியின் மூன்றாவது அடுக்கு என்னவென்று தெரிய வேண்டுமானால், சேர்ந்து ஒரு மாதம் ஆனவரைக் கேளுங்கள். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் முகம் சுளிப்பார்கள், யார் சொன்னால் லீவு உடனே கிடைக்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆட்களுக்கு இது கண்ணில் படாது, பழகிப் போயிருக்கும்.

"நாங்க எட்டே பேர்தான் இருக்கோம். இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?"

எட்டுப் பேர் என்றால் உங்களுக்கு வேலை சுலபம், அவ்வளவுதான். ஹியூலெட், பேக்கார்ட் என்ற இரண்டு பேர் 1939இல் கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய கம்பெனி, தன் கொள்கைகளை எழுத்தில் வைத்தது 1957இல்தான். அதற்கு முன் பதினெட்டு வருடம் பண்பாடே இல்லாமலா ஓடியது? அந்த இருவரும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து மற்றவர்கள் நடந்துகொண்டார்கள். எட்டுப் பேர் கம்பெனியில் முதலாளியின் பழக்கம்தான் சட்டம். நீங்கள் கிளையன்டிடம் போனில் பொய் சொல்வதைப் பக்கத்து மேசைப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால், அவளுக்கு நீங்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

"முன்னாடியும் ஆபீஸ் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. இன்டர்நெட் வந்து அப்படி என்ன மாறிப்போச்சு?"

மனிதர்கள் மாறவில்லை. மாறியது இரண்டு. முன்பு மேனேஜர் கத்தினால் அந்த அறையோடு போய்விடும். இப்போது பாதிப் பேச்சு எழுத்தில் நடக்கிறது, எழுத்து அப்படியே நிற்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ராத்திரிக்குள் ஊர் சுற்றிவிடுகிறது. 2013இல் யாஹூ, இனிமேல் யாரும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கூடாது, ஆபீஸுக்கு வாருங்கள் என்று ஊழியர்களுக்கு மட்டும் அனுப்பிய குறிப்பு உடனே செய்தியாகிவிட்டது. 2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக்கடன் கம்பெனியின் தலைவர் ஜூம் அழைப்பில் சில நிமிடங்களில் சுமார் 900 பேரை வேலையிலிருந்து தூக்கினார். அதன் பதிவு உலகம் முழுக்க ஓடி, அவர் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் பொறுப்பிலிருந்தே ஒதுங்கியிருக்க வேண்டி வந்தது.

அடுத்தது, ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை நடக்கிறது. முகம் தெரியாத இடத்தில் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் கோபமாக இருக்கிறாரோ என்று தோன்றும். ஆபீஸில் தானாக நடந்துகொண்டிருந்த எத்தனையோ விஷயங்களை இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த இரண்டிலிருந்து கிளம்பியவைதான்.

"எங்க வேலை மொத்தமும் வாட்ஸ்அப் குரூப்லதான் ஓடுது. அது தப்பா அக்கா?"

தப்பென்று சொன்னால் இந்தத் தீவில் பாதிக் கம்பெனியை மூட வேண்டும். ஆனால் அந்தக் குரூப்பை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ரோஸ் ஹில் பக்கம் ஒரு கணக்கு அலுவலகத்தின் குரூப்பைப் பார்த்தேன். காலையில் பூப்படத்துடன் வணக்கம். அதற்குக் கீழே ஒரு கிளையன்டின் அடையாள அட்டை, இரண்டு பக்கமும் படமெடுத்து. அப்புறம் முதலாளியின் குரல் பதிவு, பஸ் சத்தத்தோடு, நீளமாக. அதில் நடுவில் எங்கேயோ வாட் வரிக் கணக்கு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்ற தகவல். அதற்குக் கீழே யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், இருபது கேக் படம். பிறகு ஒரு பெண்ணை, "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னும் கேட்ட ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு அன்று முழுக்க அவள் எதுவும் எழுதவில்லை. தேதியைச் சொன்ன குரல் பதிவைப் பாதிப் பேர் கேட்கவேயில்லை.

நான் சொல்லும் யோசனை சாதாரணமானது. வணக்கமும் கேக்கும் ஒரு குரூப்பில் இருக்கட்டும், வேலை இன்னொன்றில். முடிவு, தேதி, தொகை மூன்றையும் குரல் பதிவில் சொல்லாதீர்கள். எழுதுங்கள், அதுவும் குரூப்புக்கு வெளியே எல்லோரும் திறந்து பார்க்கிற ஒரு கோப்பில். திட்ட வேண்டியது இருந்தால் தனியே கூப்பிடுங்கள். கிளையன்ட் ஆவணங்கள் குரூப்பிலேயே வரக் கூடாது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. தனிநபர் தகவல் கசிந்தது தெரிந்தால், முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் போனில் உங்கள் கிளையன்டின் அடையாள அட்டை இன்னும் கிடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. 2024 நவம்பர் 1ஆம் தேதி, தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், தொலைபேசி உரையாடல் பதிவுகள் கசிந்த விவகாரத்தால் சமூக வலைத்தளங்களை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. மறுநாளே திரும்பப் பெற்றார்கள். ஆனாலும், வேலை முழுவதையும் யாரோ ஒருவரின் இலவச ஆப்பில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

"ராத்திரி பத்து மணிக்கு பாஸ் மெசேஜ் போடுறார். ப்ளூ டிக் விழுந்துட்டா பதில் சொல்லியே ஆகணுமா?"

உங்கள் பாஸிடம் கேட்டால், "நான் ஞாபகத்துக்குப் போட்டேன், காலையில் பார்த்தால் போதும்" என்பார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் சம்பளம் கொடுப்பவர் ராத்திரி பேசினால் வாங்குபவர் தூங்கமாட்டார். அதனால் முதலாளிகளிடம் நான் சொல்வது: "பதில் வேண்டாம்" என்று எழுதுவதைவிட, மெசேஜையே காலை எட்டரைக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். மின்னஞ்சலில் இந்த வசதி இருக்கிறது. அவசரம் என்றால் போன் செய்யுங்கள். போன் வந்தால்தான் அவசரம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ராத்திரி மெசேஜைப் பார்க்காமல் நிம்மதியாக இருக்கலாம்.

பிரான்ஸ் கிளையன்டுக்கு வேலை செய்கிறவர்களுக்குக் கதை வேறு. குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால், கோடையில் இரண்டு மணி நேரம். அங்கே மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். நாமும் 2008–09இல் ஒரு கோடைக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டோம். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஷிப்ட் நகர்கிறது. அதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடும் கம்பெனியும் உண்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் குரூப்பில் போடும் கம்பெனியும் உண்டு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் ஏற்பாடு செய்ய வேண்டிய அம்மாவிடம் கேளுங்கள், எது பண்பாடு என்று சொல்வாள். வேடிக்கை என்னவென்றால், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொந்தரவு செய்யாதிருப்பது பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று 2017இலிருந்து பிரான்ஸில் சட்டமே இருக்கிறது. அந்த பிரான்ஸ்காரரின் வேலையை நாம் ராத்திரி செய்துகொடுக்கிறோம்.

"வீட்டிலேர்ந்து வேலை பார்க்க விட்டா ஏமாத்துவாங்களே? கம்ப்யூட்டர்ல கண்காணிக்கிற சாஃப்ட்வேர் போட்டுடலாமா?"

ஏமாற்றுகிறவர் ஆபீஸிலும் ஏமாற்றுவார். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எக்செல் திறந்து வைத்திருப்பது ஒரு பெரிய வித்தையா? சாஃப்ட்வேர் போட்டால் அடுத்த வாரமே மவுஸைத் தானாக அசைக்கும் கருவி ஒன்றை யாராவது வாங்கிவிடுவார்கள். நீங்கள் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு சாஃப்ட்வேர் வாங்குவீர்கள். வேலை அங்கேயே நிற்கும். மேலும், கண்காணித்துச் சேர்க்கும் தகவலும் தனிநபர் தரவுதான். எதற்காகச் சேர்க்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கேட்க வேண்டியது வேறு: இந்த வாரம் இவர் என்ன முடித்துத் தர வேண்டும் என்று உங்களுக்கே தெரியுமா? தெரிந்தால் அதை எழுதிக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை பாருங்கள். தெரியாவிட்டால் அவரை ஆபீஸில் உட்கார வைத்தும் பிரயோஜனம் இல்லை. நம் அரசாங்கமும் 2020இல் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்றே தனி ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது, அதைப் படித்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். கூட்டுக் குடும்பத்தில், மாமியார் டி.வி. ஓடும் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரரிடம் பேசுவது லேசான காரியமில்லை. மெட்ரோ எபேனுக்கு வந்த பிறகு, "நான் ஆபீஸுக்கே வந்துடறேன்" என்று சொன்னவர்கள் உண்டு. கேட்டு முடிவு செய்யுங்கள்.

"புயல் எச்சரிக்கை வந்தாலும் நெட் இருக்கே, வீட்டிலேர்ந்தே வேலை செய்யச் சொல்லலாம்தானே?"

இங்கே புயல் எச்சரிக்கைக்கு நான்கு வகுப்புகள். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் வேலைக்கு வராமலிருக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. வீட்டில் இருப்பவரிடம் வேலை கேட்கலாமா என்பதைச் சட்டக் கேள்வியாக மட்டும் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருப்பார், தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார், வயதான அப்பாவை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பார். கரண்டு எப்போது போகும் என்று தெரியாது.

2024 ஜனவரி 15 ஞாபகம் இருக்கும். பெலால் புயல் வந்த நாள். காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனவர்கள் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள், கார்கள் அடித்துக்கொண்டு போயின, எச்சரிக்கை தாமதமானது என்ற கண்டனத்தில் வானிலைத் துறை இயக்குநரே பதவி விலகினார். அன்று வானத்தைப் பார்த்துவிட்டு, அறிவிப்புக்குக் காத்திருக்காமல், "எல்லோரும் இப்பவே கிளம்புங்க, யார் காரில் யார் போறாங்கன்னு எழுதுங்க, வீடு சேர்ந்ததும் சொல்லுங்க" என்று குரூப்பில் எழுதிய முதலாளிகள் இருந்தார்கள். மழை விட்டதும் போகலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டு வகைக் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து பக்கத்தில் எழுதிய கொள்கை அறிக்கை யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

"நான் கோயம்புத்தூர்லேர்ந்து வந்து ஆறு மாசம் ஆச்சு. மீட்டிங் பாதி கிரியோல்ல போயிடுது. புரியலைன்னு சொன்னா தப்பா நினைப்பாங்களா?"

சொல்லுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள். இங்கே ஆவணம் ஆங்கிலத்தில், கடிதமும் கிளையன்டும் பிரெஞ்சில், சிரிப்பும் சண்டையும் முடிவும் கிரியோலில். உங்களை ஒதுக்குவதற்காக மாறவில்லை. பேச்சு சூடுபிடித்தால் வாய் தானாக அங்கே போகிறது. நீங்களும் கிரியோல் பழகுங்கள். இந்தத் தீவில் இன்னார் என்றில்லாமல் எல்லோருக்கும் பொதுவான மொழி அது. "கி மான்யேர்?" என்று ஒருநாள் நீங்களாகக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு மத்தியானம் தால்பூரி வாங்கப் போகும்போது உங்களையும் கூப்பிடுவார்கள்.

முதலாளிகளுக்கு: கிரியோலைத் தடை செய்து ஆங்கிலத்தைத் திணிக்காதீர்கள், மீட்டிங்கே ஊமையாகிவிடும். எந்த மொழியில் பேசினாலும் முடிந்ததும் என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள் என்று ஐந்து வரி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிப் போடுவதைக் கட்டாயமாக்குங்கள். எழுதுபவர் வாரத்துக்கு ஒருவர், முறை வைத்து. புதிதாக வந்தவருக்கு அது உதவி, அன்று லீவில் இருந்தவருக்கும் உதவி.

இதன் மறுபக்கத்தை இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி சொன்னாள்: "இந்தியாவிலேர்ந்து வந்தவங்க அவங்களுக்குள்ள வேகமாத் தமிழ் பேசிக்கிறாங்க. நானும் தமிழ்தான், பள்ளியிலே படிச்சேன், ஆனா எனக்குப் பாதி புரியாது. கேட்டா சிரிக்கிறாங்க." தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். கிரியோல் மீட்டிங்கில் உங்களுக்கு இருந்த அதே நிலைமைதான் அவளுக்கும்.

"தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் ஆபீஸ்ல கொண்டாடுறோம். அது போதாதா?"

நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் டீமில் இருக்கும்போது, அதற்குள் ஒரு பிரியாணி விருந்தை வைத்துவிட்டு, "நீங்க சாலட் சாப்பிடுங்க" என்கிற கம்பெனியும் தீபாவளிக்கு விளக்கு ஏற்றத்தான் செய்கிறது. நாள்காட்டியைப் பார்த்துத் தேதி வைப்பது விளக்கைவிடப் பெரிய மரியாதை. நோன்பு மாதத்துக்கும் இதே பேச்சுதான்.

டிசம்பர் விருந்தை எவ்வளவு ஆடம்பரமாக வைத்தாலும், சட்டப்படி வருடக் கடைசியில் கூடுதலாக வர வேண்டிய ஒரு மாதச் சம்பளம் (பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்போம்) தாமதமானால் விருந்தில் யாரும் மனதோடு ஆடமாட்டார்கள். அதில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாள் முன்னாலேயே கைக்கு வந்தாக வேண்டும்.

"மாமா, மச்சான், ஒன்றுவிட்ட தம்பின்னு சொந்தக்காரங்கதான் பாதிப் பேர். அவங்களை எப்படிக் கேள்வி கேக்கிறது?"

குடும்பக் கம்பெனிகளில் வரும் முதல் தலைவலி இது. மாமாவை மாமா என்றே கூப்பிடுங்கள், ஆபீஸில் வந்து "மிஸ்டர்" போட்டால் அவருக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குத் தனியாகக் குடும்பக் குரூப் இருக்கும். ஆபீஸ் விஷயம் முதலில் அங்கே பேசி முடிந்துவிடும். மற்றவர்கள் மறுநாள் தெரிந்துகொள்வார்கள். "இங்கே எவ்வளவு உழைச்சாலும் நாம வெளியாள்தான்" என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது.

குடும்பக் குரூப்பில் ஆபீஸ் பேச்சு கிடையாது என்று நீங்கள் ஆரம்பியுங்கள். மாமாவிடம் கேட்க வேண்டியதை எல்லோரிடமும் கேட்கும் அதே வாரப் பட்டியலில் கேளுங்கள் (வீட்டிலிருந்து வேலை பற்றிய பதிலில் சொன்னது). பட்டியல் கேட்டால் கோபம் உங்கள் மேல் வராது. முழுநேர ஊழியர்கள் பத்துக்கு மேல் இருந்தால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்று எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டுச் சம வாய்ப்புச் சட்டம். பலர் இணையத்திலிருந்து இறக்கி, பெயரை மாற்றி, அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தைக் குடும்பத்துக்கு வெளியே போடுவதிலிருந்து அது தொடங்க வேண்டும்.

"தப்பு செஞ்சவனை எல்லார் முன்னாடியும் கேட்டாத்தானே அடுத்தவனுக்குப் புத்தி வரும்?"

வரும். என்ன புத்தி என்றால், அடுத்த தப்பை மறைக்க வேண்டும் என்ற புத்தி. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். அதிகமாகப் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்களில் பயமில்லாமல் சொன்னார்கள், மற்றவற்றில் அமுக்கிவிட்டார்கள்.

இணையக் கம்பெனிகளில் இதற்குச் சரியான உதாரணம் கிட்லேப். ஆபீஸே இல்லாமல் உலகம் முழுக்கச் சிதறி வேலை செய்யும் கம்பெனி. 2017 ஜனவரி 31 அன்று இரவு வரை வேலை பார்த்துக் களைத்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, வாடிக்கையாளர் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நல்லவேளையாக ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. நம் ஊரில் என்றால் முதல் வேலை யார் செய்தது என்று தேடுவது. அவர்கள் சரிசெய்யும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், நடந்ததை எழுதி வெளியிட்டார்கள், அந்தப் பொறியாளரின் பெயரைப் போடாமல் "குழு உறுப்பினர் 1" என்று மட்டும் குறிப்பிட்டார்கள். வேலையிலிருந்தும் எடுக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி: ஒருவர் கை தவறினால் எல்லாம் போகும்படி ஏன் வைத்திருந்தோம்?

இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கை தவறுவது வேறு, கல்லாவில் கை வைப்பது வேறு. இரண்டாவதற்கு விசாரணை உண்டு, அதுவும் முறைப்படி: தெரியவந்த பத்து நாளுக்குள் குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எது வந்தாலும் குரூப்பில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் வேலையிடத்தில் துன்புறுத்துவதையும் மிரட்டுவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. நீங்கள் எழுதிய வரியே சாட்சியாகிவிடும்.

"நெட்பிளிக்ஸ்ல லீவுக்குக் கணக்கே இல்லையாமே. நாமும் அப்படி வெச்சுக்கலாமா?"

2009இல் நெட்பிளிக்ஸ் தன் பண்பாட்டைப் பற்றிய நீளமான ஸ்லைடு தொகுப்பை இணையத்தில் போட்டது. அதில் லீவுக் கணக்கு இல்லை என்பதை எல்லோரும் படித்தார்கள். சுமாராக வேலை செய்பவருக்கு நல்ல தொகை கொடுத்து அனுப்பிவிடுவோம் என்பதும் அதிலேயே இருந்தது. அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நடக்காது. நம் சட்டத்தில் லீவு நாளுக்கும் கணக்கு உண்டு, வேலையைவிட்டு நீக்குவதற்கும் முறை உண்டு. கணக்கில்லாத லீவு என்றால், எவ்வளவு எடுத்தால் பாஸ் முகம் மாறும் என்று தெரியாமல் உள்ள லீவையும் எடுக்கமாட்டார்கள். இருக்கிற லீவை முழுசாக எடுக்க விடுங்கள், அது போதும்.

"அரசியல் பேச விடலாமா? தேர்தல் நேரத்துல குரூப் பத்திக்கிட்டு எரியுது."

2021இல் பேஸ்கேம்ப் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி வேலைக்கான இணையக் கணக்குகளில் அரசியல் பேசக் கூடாது என்று திடீரென்று அறிவித்தது. சில நாளில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிட்டது. தடை விதித்ததற்காக மட்டுமில்லை, கம்பெனிக்குள்ளேயே நடந்த ஒரு விவாதத்தை மூட அதைப் பயன்படுத்தினார்கள் என்ற கோபம். நம் தீவில் கட்சிப் பேச்சு இரண்டு நிமிடத்தில் இனப் பேச்சாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலைக் குரூப்பில் வேண்டாம் என்று தேர்தல் இல்லாத காலத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியும் தன் ஸ்டேட்டஸில் கட்சிக் கொடியைப் போடாமலிருந்தால்தான் அது நிற்கும்.

"வேலையை விட்டுப் போன பையன் ஃபேஸ்புக்ல எங்களைக் கிழிச்சு எழுதிட்டான். போலீசுக்குப் போலாமா?"

முதலில் எழுதியது உண்மையா என்று பாருங்கள். பொய்யான பழி என்றால் வக்கீல் இருக்கிறார். உண்மை கொஞ்சம் இருந்தால், புகார் கொடுப்பது அந்தப் பதிவை இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டுகிற வேலை. இந்தத் தீவில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாவது ஆள் உங்கள் சொந்தக்காரராக இருப்பார், பதிவு உங்கள் அம்மா வரை போய்ச் சேர்ந்திருக்கும். கீழே ஒரே ஒரு பதில் போடுங்கள், கோபமில்லாமல். அவரைப் பற்றிய தகவல் எதையும் அதில் சொல்லாதீர்கள். வேலையில் இருப்பவர்களிடம், "இதில் எது சரி?" என்று நீங்களே கேளுங்கள். யாராவது ஒருவர் வாய் திறந்தால் நல்ல அறிகுறி. எல்லோரும் "ஒன்றுமில்லை சார்" என்றால், எல்லோர் முன்னும் திட்டுவது பற்றிய பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

"அதிகமா வித்துக் கொடுக்கிறவர்தான் எல்லாரையும் அழ வெக்கிறார். அனுப்பினா வியாபாரம் போயிடும். என்ன செய்ய அண்ணே, அக்கா, யாராவது சொல்லுங்க!"

கடைசியில் வைத்திருப்பது இதற்குச் சுலபமான பதில் இல்லை என்பதால். இவரை நீங்கள் பொறுத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை விற்றால் இப்படி நடந்துகொள்ளலாம் என்பதுதான் உங்கள் கம்பெனியில் அந்த மூன்றாவது அடுக்கு, போஸ்டரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அவர் கொண்டுவரும் பணம் கணக்கில் தெரிகிறது. அவரால் வேலையை விட்டுப் போனவர்களும், அவர்கள் இடத்துக்கு ஆள் தேடிய செலவும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் நினைத்த அளவு லாபம் இருக்காது.

உடனே சண்டை போடாதீர்கள். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட சொல், யாரிடம் என்று எழுதி வைத்துக்கொண்டு தனியே பேசுங்கள். "உங்க சுபாவம் சரியில்லை" என்றால் சிரித்துவிட்டுப் போவார். "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொன்னீர்கள், இனிமேல் கூடாது" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். மாற ஒரு காலக்கெடு கொடுங்கள், போனஸையும் அதோடு சேர்த்துக் கட்டுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலும் இப்படிப்பட்டவரின் சொந்த போனில், சொந்த வாட்ஸ்அப்பில்தான் உங்கள் கிளையன்டுகள் அத்தனை பேரும் இருப்பார்கள். உங்களுக்கு இருக்கும் பயம் அவரைப் பற்றியது இல்லை, அந்த போனைப் பற்றியது. கம்பெனிப் பெயரில் ஒரு எண் வாங்குங்கள், கிளையன்ட் பட்டியலைக் கம்பெனிக் கோப்புக்குக் கொண்டுவாருங்கள், முக்கியமான கிளையன்ட் ஒவ்வொருவரிடமும் இன்னொருவரையும் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். எல்லா விற்பனையாளருக்கும் ஒரே விதியாக இதைக் கொண்டுவந்தால் அவரும் முரண்டு பிடிக்க முடியாது. அது முடிந்த பிறகு அவரைப் பேசக் கூப்பிடுங்கள்.